நோட்டுல மார்க் இல்ல, நாலு வரி மட்டும் எழுதி விடுறாங்க. பிள்ள பின்தங்கிடுமா?

கருங்கல் ஊருக்கு பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. மவ ஆறாங்கிளாஸ். இந்த வருசம் ஸ்கூல்ல ரேங்க் இல்ல, நோட்டுல மார்க்கும் இல்ல, டீச்சர் நாலு வரி எழுதி விடுறாங்களாம். பிள்ள எந்த நெலமையில இருக்குன்னே தெரியல, பக்கத்து டியூசன்காரர் மாசாமாசம் டெஸ்ட் வச்சு ரேங்க் போட்டு தாரேன்னு சொல்றாரு, சேக்கலாமான்னு.

சேக்காண்டாம். 25க்கு 14னு போட்டு விட்டா பிள்ள மொதல்ல பக்கத்து பிள்ளையோட நோட்டத்தான் எட்டிப் பாக்கும், நீங்களும் "அவளுக்கு எவ்ளோ"ன்னுதான் கேப்பிய, எங்க தப்பாச்சுன்னு ரெண்டு பேரும் பாக்கவே மாட்டிய. 1988ல ரூத் பட்லர்னு ஒருத்தங்க இஸ்ரேல்ல அஞ்சாங்கிளாஸ் ஆறாங்கிளாஸ் பிள்ளைகள வச்சே இத சோதிச்சு பாத்தாங்க. குறிப்பு மட்டும் வாங்குன பிள்ளைகதான் அடுத்த வேலைய நல்லா செஞ்சுது, ஆர்வமும் கொறயல. மார்க்கும் குறிப்பும் சேத்து வாங்குனதுக, மார்க் மட்டும் வாங்குனதுகளப் போலத்தான்.

ஆனா டீச்சர் என்ன எழுதிருக்காங்கன்னு பாக்கணும். "நன்று, இன்னும் முயற்சி செய்க"ன்னு இருந்தா அது குறிப்பே இல்ல, சீல் குத்துன மாதிரிதான். எனக்கு தெரிஞ்ச ஒரு டீச்சர், 1/2 + 1/3 = 2/5னு போட்ட பிள்ளைக்கு சிவப்பு மையில வெட்டாம, "பாதி ஏத்தன்பழத்தோட இன்னும் கொஞ்சம் சேத்தா பாதியவிட கொறயுமா? படம் வரஞ்சு பாரு"ன்னு எழுதிருந்தாங்க. அந்த பிள்ள வரஞ்சு பாத்துட்டு தானே 5/6னு திருத்திட்டு வந்துது. இப்படி அடுத்து என்ன செய்யணும்னு இருக்கா, பிள்ள அத திரும்ப செஞ்சுதா, இத மட்டும் பாருங்க போதும்.

இனி டியூசன்காரர் விசயம். அவரு விக்கது பிள்ளையோட படிப்ப இல்ல, ஒங்க பயத்த. அதே மாதிரி இன்னொரு கூட்டம், புராஜெக்ட்னு ஸ்கூல்ல சொன்ன ஒடனே தெர்மாகோல் எரிமலையும் ரெடிமேட் சார்ட்டும் வித்துகிட்டு இருக்கும், 150 ரூவாய்க்கு வாங்கி குடுத்துட்டு பிள்ள செஞ்சுதுன்னு நாம போட்டோ வேற எடுப்போம். தயவு செஞ்சு வாங்காதிய. கோணலா இருந்தாலும் அது வரஞ்சது போதும்.

இந்த கூத்துக்கு வழி விட்டது நம்ம சிஸ்டந்தான். 2012-13ல ஒண்ணு முதல் எட்டு வரை வருசத்த மூணா பிரிக்கிற முப்பருவம் வந்துது, பாடம் நடக்கும்போதே பாக்குற வளரறி மதிப்பீட்டுக்கு 40 மார்க், பருவக் கடைசி பரீட்சைக்கு, அதாவது தொகுத்தறிக்கு 60. யோசனை நல்ல யோசனைதான், பிள்ள படிக்கும்போதே கவனிக்கணும்னு. நடந்தது என்ன, நான் வேல பாத்த எடத்துல பருவக் கடைசி ராத்திரி ஒக்காந்து எல்லாருக்கும் அந்த 40க்கு 36, 37, 38னு நெரப்புனோம், நானுந்தான் நெரப்புனேன். இப்பவும் டீச்சருக்கு இஎம்ஐஎஸ்ங்கிற அரசாங்க வெப்சைட்டுல ஸ்கூல் விவரம் ஏத்தவே நேரம் சரியா இருக்கு, பின்ன நோட்டு எப்ப பாக்க?

பத்தாங்கிளாஸ் வேற கதை, அத விடுங்க. ஒரே ஒரு காரியத்துல மட்டும் கவனமா இருங்க. பிள்ளைக்கு தமிழ் வாசிக்கவே தடுமாற்றம் இருந்தா இந்த எழுத்து குறிப்பு ஒண்ணுக்கும் ஒதவாது, அதால வாசிக்க முடியாதே. வாசிக்கத் தெரியலன்னு சொல்ல கூச்சப்படும், மறைக்கும், மனப்பாடமா சொல்லி ஒங்கள ஏமாத்தும். அதனால புதுசா ஒரு பக்கத்த எடுத்து, அது பாக்காத பாடமா இருக்கணும், சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. எழுத்துக்கூட்டி திக்குச்சுன்னா டீச்சர்கிட்ட நேர்ல போயி, இவளுக்கு எழுத வேண்டாம், பக்கத்துல இருத்தி வாயால சொல்லுங்கன்னு கேளுங்க. அப்பவும் மார்க் தேவையில்ல, வாசிப்புதான் தேவை.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு மவளயும் கூட்டிட்டு போங்க. டீச்சர் பேசுறதுக்கு முன்ன நோட்ட அவ கையில குடுத்து, எது பிடிபட்டுது, எது பிடிபடலன்னு அவளே காட்டட்டும். மொத தடவ ஒண்ணும் பேசாம ஒங்க முந்தானைய பிடிச்சுட்டு நிப்பா, பரவால்ல, அதுக்காக நடுவுல நீங்க பேசிராதிய.