வாசகர் கேள்வி – பதில்: ராடு ஏரியலைத் தகரத்தால் கட்டலாமா?

கேள்வி: பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் ஃபெரைட் ராடை (காயில் சுற்றிய, உள்ளே இருக்கும் ஏரியல் தண்டை) தாங்கும் பிளாஸ்டிக் பிடி உடைந்துவிட்டது. தகரப் பட்டையைச் சுற்றி, ஸ்பீக்கர் பக்கமாகத் திருகி வைத்தேன். இப்போது பலமான நிலையங்கள் மட்டுமே கேட்கின்றன. டயலில் 900 கிலோஹெர்ட்ஸ் தாண்டியதும் ஒரு விசில் சத்தம் வேறு. எங்கே தவறு?

பதில்: முதலில் அந்தத் தகரப் பட்டையைக் கழற்றுங்கள். ராடைச் சுற்றி முழு வளையமாக மூடிய எந்த உலோகமும் ஷார்ட் ஆன ஒற்றைச் சுற்றுக் காயிலாகிவிடும். ராடு திரட்டும் சிக்னலில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும், காயிலின் இண்டக்டன்ஸும் (மின்தூண்டல் அளவும்) குறையும். ரப்பர் புஷ், நைலான் பட்டை, மெழுகு தோய்த்த நூல், ஃபைபர் அட்டையில் துளையிட்டுச் செய்த தாங்கி, இவற்றில் எது கிடைத்தாலும் போதும். ராடின் இரு முனைகளிலும் பிடிமானம் வேண்டும். ஆனால் நெரித்துக் கட்டாதீர்கள். ஃபெரைட் கண்ணாடி மாதிரி, பட்டென்று முறியும்.

அடுத்தது இடம். ராடு படுக்கைவாட்டில், பெட்டியின் மேல் விளிம்பை ஒட்டி இருக்கட்டும். ஸ்பீக்கர் காந்தம், டிரான்ஸ்ஃபார்மர், கேங் கண்டென்சர் (டயலோடு சுழலும் ட்யூனிங் கண்டென்சர்) ஆகியவற்றிலிருந்து 3 செ.மீ.யாவது தள்ளி வையுங்கள். செட்டின் ஐ.எஃப். (எந்த நிலையத்தையும் செட் உள்ளே மாற்றிக்கொள்ளும் இடைநிலை அலைவரிசை) 455 கிலோஹெர்ட்ஸ் என்றால், அதன் இரட்டிப்பு 910. டிடெக்டர் டயோடிலிருந்து (அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் பாகத்திலிருந்து) கசியும் அந்த அலையை ராடோ அதன் கம்பிகளோ பிடித்தால்தான் அந்த இடத்தில் விசில் வரும். கம்பிகளைக் குட்டையாக வைத்து, டயோடு பக்கம் போகாமல் திருப்பிவிடுங்கள்.

பிடி மாறியதால் காயில் நகர்ந்திருக்கலாம். 600 பக்கம் ஒரு மெல்லிய நிலையத்தைப் பிடித்து, சத்தம் உச்சத்துக்கு வரும்வரை காயிலை ராடின் மேல் மெல்ல நகர்த்துங்கள். பிறகு 1400 பக்கம் போய் ஏரியல் டிரிம்மரை (நுட்பமாகச் சரிசெய்யும் சிறு கண்டென்சரை) பிளாஸ்டிக் திருப்புளியால் திருப்புங்கள். ஒன்று மற்றதைக் கலைக்கும், அதனால் இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்யவேண்டும். சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு வழி: 600-இல் நிறுத்தி, ஃபெரைட் துண்டு ஒன்றைக் காயில் அருகே காட்டுங்கள். சத்தம் கூடினால் காயில் ராடின் நடுவுக்கு வரவேண்டும். பித்தளைத் துண்டைக் காட்டும்போது கூடினால் முனைப் பக்கம் போகவேண்டும். இரண்டிலும் குறைந்தால் அதுவே சரியான இடம். ஒரு சொட்டு உருக்கிய மெழுகு விட்டு நிறுத்துங்கள். சூப்பர் க்ளூ வேண்டாம், அடுத்த முறை நகர்த்த முடியாது.

நிலையம் டயலில் இடம் மாறி வந்தால் அது ஆஸிலேட்டர் (செட்டுக்குள்ளேயே அலை உண்டாக்கும் சுற்று) பக்கத்துக் கோளாறு, ராடை நகர்த்தித் தீராது.

கேள்வி: கழற்றும்போது காயில் கம்பி ஒன்று அறுந்தது. சால்டர் செய்தும் சத்தம் குறைவு.

பதில்: அது லிட்ஸ் கம்பி: தலைமுடி போன்ற பல இழைகள், ஒவ்வொன்றுக்கும் தனி எனாமல். ஓரிரு இழை விடுபட்டாலே, நிலையத்தைப் பிரித்தெடுக்கும் காயிலின் கூர்மை குறைந்துவிடும். மல்டிமீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் மிச்ச இழைகள் வழியே தொடர்ச்சி இருக்கும். நுனியை மெல்லிய உப்புத்தாளால் இழை அறாமல் தேய்த்து, ரோஸின் தொட்டு, எல்லா இழைகளிலும் ஈயம் ஏறிய பின் இணையுங்கள். ராடில் சில சுற்று மட்டுமே உள்ள இன்னொரு சிறு காயிலின் கம்பிகளைக் கேங்குக்குப் போகும் கம்பிகளோடு மாற்றிவிடாதீர்கள். கழற்றும் முன் படம் வரைந்துகொள்வது நல்லது.

கேள்வி: ராடே இரண்டாக முறிந்தால்?

பதில்: ஒட்டலாம். முறிந்த முகங்களைத் தேய்க்காமல் துடைத்து, எபாக்சி மிக மெல்லியதாகத் தடவி, இடைவெளி விழாதபடி அழுத்திப் பிடியுங்கள். காய்ந்ததும் காயிலை மறுபடி 600-இல் சரிசெய்யுங்கள்.