பதில்: மாடியில் கோழி, கீழ்வீட்டில் சண்டை

பெரம்பூர் மாடியில் ஐந்து கோழியும் ஒரு சேவலும் வைத்திருக்கிறீர்கள், கீழ்வீட்டுக்காரர் நாற்றம் என்று சண்டைக்கு வருகிறார், சரி. நாற்றத்துக்குக் காரணம் ஈரம். எச்சம் நனைந்தால்தான் அம்மோனியா என்ற நெடியான வாயு கிளம்பும். தினமும் தரையைக் கழுவுவதை நிறுத்துங்கள். உமியோ காய்ந்த தேங்காய் நார்க்கழிவோ அரைச் சாண் உயரம் பரப்பி, வாரம் இரண்டு முறை கிளறிவிடுங்கள்; தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றி நனைந்ததை மட்டும் உடனே அள்ளிவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் கூரையை இரண்டடி நீட்டுங்கள், சாரல் பட்டால் எல்லாம் வீண். அள்ளியதை அப்படியே கத்தரித் தொட்டியில் கொட்டாதீர்கள், செடி கருகும். இரண்டு மாதமாவது மக்கட்டும்.

அப்புறம் அந்தச் சேவல். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. கீழ்வீட்டுக்காரர் கோபத்தில் பாதி விடியற்காலைக் கூவலுக்காகத்தான் இருக்கும். யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கோழிகளைக் கொல்லும் தொற்றுநோயான வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா? இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள்.