கருத்துக்கணிப்பில் பின்தங்கிய அமெரிக்க அதிபர் வேட்பாளர் ஜெயிக்க வாய்ப்பு உண்டா?

உண்டு. ஆனால் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார், எந்த மாநிலத்தில், தேர்தலுக்கு எத்தனை நாள் பாக்கி என்பதைப் பொறுத்தது.

எல்லோரும் சொல்லும் உதாரணம் 1948. அப்போதைய அதிபர் ட்ரூமன், எதிர் வேட்பாளர் டூயியிடம் தோற்பார் என்று நம்பி, ரோப்பர் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் செப்டம்பரிலேயே கணிப்பு வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. கடைசி வாரங்களில் வாக்காளர்கள் மனம் மாறியதை யாரும் அளக்கவில்லை. டூயி ஜெயித்ததாகவே 'சிகாகோ டெய்லி டிரிப்யூன்' தலைப்புப் போட்டுவிட்டது! முடிவில் ட்ரூமனுக்கு 303 தேர்வாளர் வாக்குகள் (மாநிலவாரியாகப் பிரித்துத் தரப்பட்ட, அதிபரை முடிவு செய்யும் வாக்குகள்), டூயிக்கு 189.

1988 ஜூலையில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாகிஸ் கருத்துக்கணிப்பில் சுமார் 17 புள்ளிகள் முன்னே இருந்தார்; நவம்பரில் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் (சீனியர்) 40 மாநிலங்களை அள்ளினார். கோடைக்கால முன்னிலையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

அப்புறம், நாடு முழுவதும் அதிக ஓட்டு வாங்கினால் மட்டும் போதாது. 538 தேர்வாளர் வாக்குகளில் 270 வேண்டும். 2016இல் ஹிலாரி கிளின்டன் ட்ரம்பைவிடச் சுமார் 29 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் தோற்றார். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து ட்ரம்ப் ஜெயித்த வித்தியாசம் வெறும் சுமார் 78,000 ஓட்டு.

அதற்காக எல்லாப் பின்னடைவையும் சரிக்கட்டிவிட முடியாது. 1984இல் அதிபர் ரீகனை எதிர்த்து நின்ற மொண்டேலுக்குக் கிடைத்தது மினசோட்டாவும் வாஷிங்டன் டி.சி.யும்தான்.