22 கிலோவாட் சார்ஜர் யாருக்குத் தேவை? – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: ஹட்டன் பக்கத்தில் சொந்த வீடு. ஜப்பானில் பாவித்த நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்று வாங்கப் போகிறோம். கடையில் 22 கிலோவாட் சார்ஜர்தான் நல்லது, சீக்கிரம் ஏறும் என்கிறார்கள். அடுப்படியில் இருக்கிற 13 அம்பியர் பிளக்கே போதும் என்கிறார் என் தம்பி. யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. ஆனால் கடைக்காரர் சொல்வதில்தான் உங்கள் காசு அதிகமாகப் போகும்.

சுவரில் மாட்டும் பெட்டியை எல்லோரும் சார்ஜர் என்கிறோம். உண்மையில் பேட்டரிக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. சுவர்ப் பெட்டி காரோடு பேசி, பாதுகாப்பாக மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஜப்பானிலிருந்து வரும் லீஃப் பெரும்பாலும் 3 முதல் 6 கிலோவாட் வரைதான் இழுக்கும், அதுவும் ஒற்றை ஃபேஸில். 22 கிலோவாட் பெட்டிக்கு மூன்று ஃபேஸிலும் 32 அம்பியர் வேண்டும். அதை வாங்கி மாட்டினாலும் கார் தன் 3 அல்லது 6 கிலோவாட்டுக்கு மேல் கேட்காது.

இனி உங்கள் மின்மானியைப் பாருங்கள். மலையகத்தில் சாதாரண வீட்டுக்கு 30 அம்பியர், ஒற்றை ஃபேஸ். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 6.9 கிலோவாட், வீடு முழுவதற்கும் சேர்த்து. நம் ஊர்க் குளிருக்குப் பல வீடுகளில் குளியலறையில் கீசர் இருக்கிறது. உடனடியாகச் சூடாக்கும் வகை என்றால் அதுவே 3.5 கிலோவாட்டுக்கு மேல் போகும். கார் 16 அம்பியர் இழுக்கும்போது ஒருவர் குளிக்கப் போய், இன்னொருவர் கேத்தலைப் போட்டால் மெயின் விழுந்துவிடும். ஆகவே பெட்டி வாங்கும்போது 10, 13, 16 அம்பியர் எனக் குறைத்து வைக்க முடிகிறதா என்று கேளுங்கள். இரவு முழுக்க நிற்கிற காருக்கு 16 அம்பியர் தாராளம். 24 கிலோவாட்-மணி (அதாவது 24 யூனிட்) பேட்டரி உள்ள பழைய லீஃப்கூட விடிவதற்குள் நிறைந்துவிடும்.

தம்பி சொல்லும் 13 அம்பியர் பிளக், அவசரத்துக்குச் சரி. தினமும் எட்டு மணி நேரம் அதில் ஏற்றினால் பிளக்கின் கால்கள் சூடாகி, ஹோல்டர் உருகக்கூடும். எக்ஸ்டென்ஷன் வயர் போடவே வேண்டாம். காரோடு வரும் ஜப்பான் கேபிளையும் லேபிளைப் பார்க்காமல் சொருகாதீர்கள். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், காருக்கென்று 200 வோல்ட் இணைப்பு. கேபிளில் 230 அல்லது 240 வோல்ட் என்று எழுதியிருக்க வேண்டும்.

பெட்டியில் மிச்சம் பிடிக்கும் காசை வயருக்கும் எர்த்துக்கும் போடுங்கள். நம் வீடுகளில் கார் ரோட்டோரம் நிற்கும், வீடு முப்பது நாற்பது படி கீழே இருக்கும். வயர் நீண்டால் வோல்ட்டேஜ் இறங்கும், வயரும் சூடாகும். 16 அம்பியருக்கு 4 சதுர மில்லிமீற்றர், 32 அம்பியருக்கு 6 என்பது குறைந்த அளவு. தூரம் கூடினால் ஒரு படி தடிப்பானதைப் போடச் சொல்லுங்கள். மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி பிரேக்கர். மூடுபனியும் சாரலும் படுகிற இடமென்றால் வெளியில் வைக்கத் தக்க பெட்டியாகவும் இருக்க வேண்டும்.

எர்த்தில்தான் நம் பக்கம் பலருக்குக் கோளாறு. ரோட்டிலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பியில் எர்த் வருவதில்லை. உங்கள் நிலத்தில் இறக்கும் கம்பிதான் எர்த். மலையில் இரண்டடி தோண்டினால் பாறை தட்டும். வயரிங் வேலை செய்யும் பாஸ் பாதிக் கம்பியை அடித்துவிட்டு மீதியை வெட்டிவிட்டுப் போய்விடுவார். வீட்டில் லைட் எரியும், ஃபிரிட்ஜ் ஓடும், யாருக்கும் தெரியாது. சுவர்ப் பெட்டிகள் பலவும் எர்த்தைச் சோதித்துப் பார்க்கும். சரியில்லையென்றால் சிவப்பு லைட்டைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். அப்புறம் கடைக்காரரோடு சண்டை. எர்த் மீற்றர் வைத்து அளந்து, எர்த்தின் தடை எத்தனை ஓம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். 200 ஓமுக்கு மேல் இருந்தால் நம்ப முடியாது. ஈரம் நிற்கிற இடம் பார்த்து இரண்டு மூன்று கம்பிகளை இடைவெளி விட்டு இறக்கி இணைத்தால் குறையும்.

மின்சாரம் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்சையும் விடாதீர்கள். பழைய வீடுகளில் உள்ளது பெரும்பாலும் மாறுமின் கசிவை மட்டும் அறியும் ஏசி வகை. முகப்பில் ஒரு வளைகோடு மட்டும் இருக்கும். காரிலிருந்து நேர்மின்சாரம் (டிசி) கசிந்தால் அது மரத்துப்போய், விழ வேண்டிய நேரத்தில் விழாது. பெட்டிக்குள் 6 மில்லி அம்பியர் நேர்மின் கசிவைக் கண்டறியும் வசதியும் போர்டில் ஏ வகை ட்ரிப் சுவிட்சும், அல்லது தனியாக பி வகை ஒன்றும் வேண்டும். ஒக்டோபர், நவம்பர் இடிமழையை நினைத்து, திடீரென ஏறும் வோல்ட்டேஜைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் ஒன்றும் போட்டுவிடுங்கள்.

ஜப்பான் லீஃபில் கேபிளைச் சொருகும் துவாரம் ஐந்து முள் கொண்ட டைப் 1. இப்போது வரும் பிவைடி, எம்ஜி புதுக் கார்களுக்கு டைப் 2. கேபிள் பொருத்தியே வரும் பெட்டியை விட, கேபிளைக் கழற்றக்கூடிய டைப் 2 பெட்டியை வாங்கினால் நாளைக்கு கார் மாறினாலும் கேபிளை மட்டும் மாற்றினால் போதும்.

கேள்வி: கரண்ட் பில் எவ்வளவு கூடும்? (தலவாக்கலை)

பதில்: ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீற்றர் என்று வையுங்கள். மாதம் 600 கிலோமீற்றர் ஓடினால் 100 யூனிட், ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் இன்னும் பத்துப் பதினைந்து. வீட்டில் ஏற்கனவே 90 யூனிட் போகிறதென்றால் மொத்தம் 180ஐத் தாண்டி, வீட்டுக் கட்டணத்தின் ஆக உயர்ந்த படிக்குள் நுழைவீர்கள். நேரவாரிக் கட்டணம் என்று இன்னொரு முறை இருக்கிறது. அதில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு, மாலை 6.30 முதல் 10.30 வரை விலை அதிகம். ஆனால் அது காருக்கு மட்டுமல்ல, முழு வீட்டுக்கும். இரவுச் சமையலையும் குளியலையும் அந்த உச்ச நேரத்தில் வைத்திருக்கும் குடும்பத்துக்கு லாபம் கரைந்துவிடும். முதலில் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் உங்கள் இணைப்புக்கு அது கிடைக்குமா என்று கேளுங்கள். டைமர் உள்ள பெட்டியாக வாங்குங்கள். காரிலும் டைமர் உண்டு, ஆனால் மெனு ஜப்பானிய மொழியில் இருந்தால் மல்லுக்கட்ட வேண்டும்.

கேள்வி: தோட்டக் குவாட்டர்ஸில் இருக்கிறேன். சார்ஜர் மாட்டலாமா? (பண்டாரவளை)

பதில்: சுவர் உங்களுடையதல்ல, அதனால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் கை வைக்காதீர்கள். அனுமதி கிடைத்தால் தனி லைனில் 16 அம்பியர் நீல நிற இண்டஸ்ட்ரியல் சொக்கெட் ஒன்று போட்டு, கையில் எடுத்துப் போகும் கேபிளைப் பாவியுங்கள். மாற்றலாகும்போது கேபிள் உங்களோடு வரும்.

கேள்வி: நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு அடிக்கடி போகிறோம். இரவில் 100 வீதம் ஏற்றலாமா?

பதில்: 80, 85 வீதத்தில் நிறுத்துங்கள். ராம்பொடை வளைவுகளில் இறங்கும்போது கார் மின்சாரத்தைத் திரும்ப பேட்டரிக்குள் தள்ளும். பேட்டரி நிறைந்திருந்தால் அதற்கு இடமில்லை. மோட்டார் பிடிக்காது, பிரேக் பேட்தான் சூடாகும். திரும்பி வரும்போது கணக்கு வேறு. ஒன்றரைத் தொன் காரை 1000 மீற்றர் உயரத்துக்கு ஏற்றுவதற்கு மட்டுமே, தூரத்துக்கான செலவு போக, 4 யூனிட்டுக்கு மேல் வேண்டும். பேட்டரி தேய்ந்த பழைய லீஃப் என்றால் கண்டியில் ஏற்றிக்கொண்டுதான் புறப்பட வேண்டும்.