பக்கவாதம் வந்து 24 மணி நேரம் வரை சிகிச்சை செய்யலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் சிலருக்கு மட்டும். இந்த எண்ணைக் கேட்டுவிட்டு "விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது இருந்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. 2019இல் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு இதைத் தேடித் தேடிப் படித்தவள்.

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயில் உறைந்த ரத்தக் கட்டி அடைத்துக்கொண்டால், தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அந்தக் கட்டியை வெளியே இழுத்துவிடலாம். இதற்குப் பலன் உண்டு என்பதை 2015இல் வெளிவந்த ஆய்வுகள் நிலைநாட்டின. அப்போது பெரும்பாலும் 6 மணி நேரம்தான் கணக்கு. 2018இல் வெளியான 'டான்' என்ற ஆய்வில், கடைசியாக நலமாக இருந்த நேரத்திலிருந்து 6 முதல் 24 மணி நேரம் ஆகிவிட்ட 206 பேர் சேர்க்கப்பட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, கட்டி அகற்றப்பட்டவர்களில் 49 சதவீதம் பேர் பிறர் துணையின்றி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 13 சதவீதம் பேர்தான் அப்படி இருந்தார்கள். இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த 206 பேரும் ஸ்கேன் பார்த்துப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். இறந்துபோன மூளைப் பகுதி சிறியது, ரத்தம் குறைந்து தவித்தாலும் இன்னும் உயிரோடிருக்கும் பகுதி பெரியது என்று இருந்தவர்கள். பக்கத்துக் கிளைக் குழாய்கள் கசியவிடும் ரத்தத்தில்தான் அந்தப் பகுதி பிழைத்துக் கிடக்கிறது. எல்லோருக்கும் அந்தக் கிளைகள் கைகொடுப்பதில்லை. அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. சில ஊர்களில் இன்றும் புறா ரத்தம் தேய்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். கேட்கும்போதே நெஞ்சு பதறுகிறது.

கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு 4.5 மணி நேரம். முன்பு அந்த மருந்தை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். இப்போது டெனெக்டிப்ளேஸ் என்ற மருந்தை ஒரே ஊசியாகச் செலுத்திவிடலாம். அமெரிக்காவில் 2025இல் பக்கவாதத்துக்கென இதற்கு அனுமதி கிடைத்தது.

அப்பா காலை 5.30க்கு எழுந்தபோது வாய் கோணியிருந்தது, வலது கை தூக்க வரவில்லை. அண்ணனும் நானும் காரில் ஏற்றி 7 மணிக்கு மருத்துவமனை சேர்ந்துவிட்டோம். கட்டியை இழுத்தெடுக்கும் வசதி அங்கே இல்லை, ஊசி இருந்தது. "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்று கேட்டார்கள். "ராத்திரி 10 மணிக்குப் படுக்கும்போது" என்றேன். கெடு தாண்டிவிட்டது என்று ஊசி போடவில்லை. அவர்கள்மேல் தப்பில்லை, நான் சொன்னதை வைத்துத்தானே முடிவெடுத்தார்கள்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன்: வாய் கோணினால், கை தொய்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108ஐ அழையுங்கள். சி.டி. ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். ரத்தக் கசிவா அடைப்பா என்று தெரியாமல் மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். நோயாளியைக் கடைசியாக நலமாகப் பார்த்தவரைக் கூடவே அழைத்துப் போங்கள்.

அம்மாவை நாங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தோம். அன்று விடியற்காலை 3.30க்கு அப்பா எழுந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, நன்றாகப் பேசிவிட்டுத்தான் மறுபடி படுத்தாராம். சாயங்காலம்தான் அம்மா சொன்னார்.