கேளுங்கள்: டோடோவும் வான்கோழியும்

கேள்வி: மொரீஷியஸ் தீவில் டோடோ பறவை அழிந்துபோனதால் கல்வாரியா என்கிற மரம் 300 வருஷமாக முளைக்கவே இல்லையாம், கடைசியில் வான்கோழிக்குக் கொட்டையை ஊட்டி முளைக்க வைத்தார்களாம். வாட்ஸ்அப்பில் வந்தது. என் மகள் பேச்சுப்போட்டிக்கு இதைத்தான் மனப்பாடம் செய்கிறாள். நிஜமா?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பாதிதான் நிஜம் அம்மா. 1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க ஆய்வாளர் அப்படி எழுதினார். இருப்பது 13 மரம், எல்லாமே 300 வயதைத் தாண்டியவை, டோடோவின் வயிற்றில் ஓடு தேய்ந்தால்தான் விதை முளைக்கும் என்பது அவர் கணக்கு. வான்கோழிகளுக்கு 17 கொட்டை ஊட்டினார், 7 நொறுங்கிப்போக, மீதியில் 3 முளைத்தன. அவ்வளவுதான் சோதனை. வான்கோழி தின்னாத கொட்டைகளையும் பக்கத்திலேயே நட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? அதை அவர் செய்யவில்லை. ஓடு தேயாமலே விதை முளைக்கும் என்பது 1941லேயே பதிவாகியிருந்தது, 300 வயதுக்குக் குறைந்த மரங்களும் பிறகு தெரியவந்தன. தம்பலகோக் என்றும் பெயருள்ள இந்த மரம் நம் இலுப்பை, சப்போட்டா குடும்பம்தான்.

சரி, மரம் ஏன் அருகிப்போனது? காட்டை வெட்டியது ஒரு பக்கம். குரங்கு காயைப் பழுக்கவிடுவதில்லை, கன்று தலைகாட்டினால் பன்றியும் மானும் விடுவதில்லை, தப்பிப் பிழைத்ததைச் சீனக் கொய்யாப் புதர் மூடிவிடுகிறது (நம் ஏரிக்குள் சீமைக் கருவேலம் செய்கிற வேலையை அங்கே அது செய்கிறது). இதில் ஒன்றுகூட அந்த மண்ணில் பிறந்ததில்லை. வௌவாலைத் தவிர வேறு பாலூட்டியே இல்லாத தீவு அது. 1598இல் டச்சுக்காரர்கள் இறங்கிய பிறகு பன்றி, குரங்கு, ஜாவா மான் எல்லாம் குடியேற, தரையில் முட்டையிட்ட டோடோ நூறு வருஷம்கூடத் தாங்கவில்லை. மகளின் பேச்சில் வான்கோழியை எடுத்துவிட்டு இந்தப் பன்றியையும் குரங்கையும் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: உறவினர் வீட்டு விசேஷத்துக்கு மொரீஷியஸ் போகிறோம். அங்கேயே உண்டான பறவை, மரம் ஏதாவது கண்ணில் படுமா?
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இறங்கியதும் முதலில் கண்ணில் படப்போவது நம்மூர் மைனா. வெட்டுக்கிளியைத் தின்னட்டும் என்று 1762இல் இந்தியாவிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள். செம்மீசைச் சின்னானும் காக்காயும்கூட நம் பக்கத்துச் சரக்குதான். கடற்கரையில் சவுக்குத்தோப்பைப் பார்த்து 'அட, நம்ம கடலூர் மாதிரியே இருக்கே' என்பீர்கள், ஆனால் சவுக்கு அந்த ஊருக்கும் அந்நியம், நமக்கும் அந்நியம்.

சொந்தச் சரக்கைப் பார்க்க ஆசை இருந்தால் விருந்துக்கு நடுவே ஒரு நாளை மிச்சம் பிடித்து, மயேபூர் பக்கத்துக் கடலில் உள்ள இல் ஓஸ் எக்ரெட் என்ற குட்டித்தீவுக்குப் படகில் போய்விட்டு வாருங்கள். மொத்தமே 26 ஹெக்டேர்தான். எலியை ஒழித்து, களையைப் பிடுங்கி, பழைய காட்டை நட்டு நட்டு மீட்டிருக்கிறார்கள். 1990 வாக்கில் காட்டில் பத்துப் பதினைந்துக்குள் சுருங்கிவிட்ட இளஞ்சிவப்புப் புறா இப்போது நூற்றுக்கணக்கில் இருக்கிறது, அங்கே அதைப் பார்க்கலாம். மொரீஷியஸ் கெஸ்ட்ரல் என்ற சின்ன வல்லூறு 1974இல் காட்டில் வெறும் 4தான், அதையும் கூட்டிலிருந்து முட்டை எடுத்து அடைவைத்து மீட்டார்கள்.

ஆமையைக் கட்டாயம் பாருங்கள். மொரீஷியஸின் சொந்த ராட்சத ஆமைகள் அழிந்துவிட்டதால், பழத்தைத் தின்று விதை பரப்பும் அவற்றின் வேலையைச் செய்ய, செஷல்ஸ் நாட்டு அல்டாப்ரா தீவின் ராட்சத ஆமைகளை இங்கே விட்டார்கள். அவை கருங்காலி இனத்து மரமொன்றின் பழத்தைத் தின்று கொட்டையைத் தீவெங்கும் போட, அது நன்றாகவே முளைக்கிறது. முன்னால் கேட்ட மஞ்சக்குப்பம் வாசகியும் இதைக் கவனிக்கலாம், வான்கோழிக் கதையில் தேடியது இங்கே ஆமை வயிற்றில் நிஜமாகவே நடக்கிறது. (கருங்காலி என்றதும் மாலை வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்.)

கேள்வி: டோடோவைத் திரும்ப உருவாக்கப்போகிறார்களாமே?
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: 2023இல் ஒரு அமெரிக்க நிறுவனம் அப்படி அறிவித்தது. டோடோ புறா இனம்தான், இன்று உயிரோடு இருப்பதில் அதற்கு மிக நெருங்கிய சொந்தமான நிக்கோபார் புறாவின் மரபணுவைத் திருத்தப் பார்க்கிறார்கள். வந்தாலும் அது திருத்திய புறாதான், பழைய டோடோ இல்லை. அந்த நிக்கோபார் புறா நம் நாட்டுத் தீவிலேயே உயிரோடு இருக்கிறது, முதலில் அதைப் பார்த்துக்கொள்வோம்.