வாயை நம்பிச் சேர்த்த பிள்ளை

கேள்வி: என் மகன் பி.காம். முடித்துவிட்டு மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேர்ந்திருக்கிறான். சின்ன வயதிலிருந்தே நல்ல வாய். எங்கள் தெருவில் அவனைப் பேசி ஜெயித்தவர் கிடையாது. அதை நம்பித்தான் சேர்த்தோம். முதல் செமஸ்டரிலேயே இரண்டு அரியர். கேட்டால் ‘ஒண்ணுமே புரியலப்பா’ என்கிறான். எந்த கைடு வாங்கித் தரலாம்? கறுப்புக் கோட்டு இப்போதே தைத்துவிடலாமா?
– ஒரு தந்தை, பெரம்பூர்

பதில்: கோட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த வாய்.

எதிர்த்துப் பேசுகிற பிள்ளையைப் பார்த்ததும் ‘இவன் வக்கீலுக்குத்தான் லாயக்கு’ என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம். கல்யாண வீட்டில் பெரியப்பா சொல்வார், பக்கத்து வீட்டு மாமி சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டே பிள்ளையும் வளர்கிறான். சட்டக் கல்லூரிக்குப் போனால் முதல் வருடம் முழுக்க அந்த வாய்க்கு வேலையே இல்லை, கண்ணுக்குத்தான் வேலை. படிக்கத் தெரியுமா என்று அங்கே பார்க்கிறார்கள். பி.காம். முடித்தவனுக்குப் படிக்கத் தெரியாதா என்று கோபப்படாதீர்கள். தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஆமாம், நானும் ஒரு காலத்தில் ஓராண்டு சட்டம் படித்துவிட்டு ஓடி வந்தவன்தான். டார்ட்ஸ் தேர்வில், தமிழில் தீங்கியல் என்பார்கள், ஒருவரால் இன்னொருவருக்கு நேர்ந்த தீங்குக்கு நஷ்டஈடு கேட்கிற சட்டம், நத்தை வழக்கைப் பற்றி ஒரு கேள்வி. 1928இல் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில், தோழி வாங்கித் தந்த இஞ்சி பீரைக் குடித்தார் டோனஹ்யூ என்ற பெண்மணி. உள்ளே இருப்பது தெரியாத கறுத்த பாட்டில். மிச்சத்தை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று வந்து விழுந்தது என்பது அவர் கட்சி. எனக்கு அப்போதே எழுத்தில் ஆசை. நத்தையை மூன்று பக்கத்துக்கு வர்ணித்துத் தள்ளினேன். மார்க்கைப் பார்த்துவிட்டு ஆசிரியரிடம் போய் நின்றேன். தாளைப் புரட்டிப் பார்த்தவர், “கதை நல்லா இருக்குப்பா. கேஸ் எங்கே?” என்றார்.

கேஸ் வேறு இடத்தில் இருந்தது. பாட்டிலைக் காசு கொடுத்து வாங்கியவர் தோழி. குடித்தவருக்குக் கடைக்காரரோடும் ஒப்பந்தம் இல்லை, தயாரித்தவரோடும் இல்லை. அப்படியிருக்க, தயாரித்தவர் மேல் அவர் வழக்குப் போட முடியுமா? முடியும் என்று 1932இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. அதுவும் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர்தான் அப்படிச் சொன்னார்கள். இன்னொன்றும் உண்டு. பாட்டிலுக்குள் நத்தை இருந்ததா என்பது எந்த நீதிமன்றத்திலும் நிரூபணம் ஆகவே இல்லை. இருந்ததாக வைத்துக்கொண்டால் சட்டம் என்ன சொல்லும் என்பதைத்தான் முடிவு செய்தார்கள். அதன் பிறகு வழக்கு சமாதானத்தில் முடிந்துவிட்டது. நிரூபணமே ஆகாத நத்தைக்கு மூன்று பக்கம் செலவழித்தவன் நான்.

சீமைச் சரக்கு வேண்டாம் என்றால் நம் ஊர் வழக்கு ஒன்று சொல்கிறேன். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் உங்கள் மகனிடம் இருக்கும். பிரிவு 2(d)யைப் புரட்டச் சொல்லுங்கள். சும்மா கொடுத்த வாக்கை வைத்துக்கொண்டு பொதுவாக நீதிமன்றப் படி ஏற முடியாது, பதிலுக்கு ஏதாவது தரப்பட்டிருக்க வேண்டும். அதற்கு மறுபயன் என்று பெயர். இனி வழக்கு. ஒரு மூதாட்டி தன் சொத்தை மகளுக்கு எழுதி வைத்தார். கூடவே ஒரு நிபந்தனை: என் உடன்பிறந்தவருக்கு வருஷா வருஷம் 653 ரூபாய் கொடுத்து வர வேண்டும். மகளும் அப்படியே கொடுப்பதாக அந்த உடன்பிறந்தவருக்குத் தனியாக எழுதிக் கொடுத்தார். பிறகு கொடுக்கவில்லை. வழக்கு வந்தபோது மகள் தரப்பு கேட்டது: சொத்து கொடுத்தது அம்மா, நீங்கள் எனக்கு என்ன கொடுத்தீர்கள்?

இங்கிலாந்தாக இருந்தால் மகள் ஜெயித்திருப்பார். அங்கே மறுபயன் என்பது வழக்குப் போடுகிறவர் கையிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று 1861இலேயே தீர்ப்பு இருந்தது. ஆனால் நம் பிரிவில், வாக்குப் பெற்றவர் என்று சொன்ன கையோடு ‘அல்லது வேறு எவரேனும்’ என்று மூன்று வார்த்தை இருக்கிறது. அம்மா கொடுத்ததே போதும், பணத்தைக் கட்டு என்று 1882இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சின்னய்யா எதிர் ராமய்யா என்று இன்றுவரை முதலாண்டு மாணவர்கள் உருப்போடும் வழக்கு இது. உருப்போடுகிறவர்கள் நிறைய. அந்த மூன்று வார்த்தையில் விரலை வைத்து நின்றவர்கள் குறைவு. தெருவில் ஜெயிக்கிறவனுக்கு நிற்பதுதான் கஷ்டம், எதிராளி வாயை மூடும்வரை ஓடியே பழக்கம்.

ஆகவே கைடு. வாங்கித் தராதீர்கள். நான் மேலே இரண்டு பத்தியில் சொன்னது கைடில் இரண்டு வரியில் இருக்கும், கடைசி வரியில் தீர்ப்பு. தேர்வில் பெயரை மாற்றி, தொகையை மாற்றி, உடன்பிறந்தவரைக் கடன்காரர் ஆக்கி ஒரு ப்ராப்ளம் கொடுப்பார்கள். இரண்டு வரியை வைத்துக்கொண்டு பையன் என்ன செய்வான்? அந்தக் காசுக்கு பேர் ஆக்ட் வாங்கிக் கொடுங்கள். விளக்கவுரை எதுவும் இல்லாத வெறும் சட்டப் பிரதி, விலையும் குறைவு. நடைபாதையில் பழையது எடுத்தால் வருடத்தைப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 302 என்று சினிமா பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். இப்போது அது 103. புதிய சட்டத்தின் 302, பிறர் மத உணர்வைப் புண்படுத்தும் எண்ணத்தோடு பேசுவது பற்றியது. நாம் ஆசையாகத் திட்டிக்கொண்டிருந்த 420கூட 318க்குள் போய் ஒடுங்கிவிட்டது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான். பாவம், இந்தப் பிள்ளைகள் இரண்டு எண்ணையும் சுமக்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலம்தான் பிரச்சினையோ என்று அடுத்து எழுதுவீர்கள். உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்தவரை, தமிழ் வழியில் படித்து வந்து அகராதியும் கையுமாக ஒரு பிரிவை அரை மணி நேரம் படிக்கிற பெண், ஆங்கிலம் சரளமாக வரும் பையனைவிட முதல் வருடத்தைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறாள். அவளால் வேகமாகப் படிக்க முடியாது. அதுவே அவளுக்கு நல்லதாகப் போகிறது.

வருகைப் பதிவில் மட்டும் விளையாட்டு வேண்டாம். தேர்வு எழுத 70 சதவீதம் வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. எந்தக் கல்லூரி என்று நீங்கள் எழுதவில்லை. அரசு சட்டக் கல்லூரி என்றால் பயணத்திலேயே பாதிப் பிராணன் போகும். 1891இல் தொடங்கி, பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தை ஒட்டி இருந்த கல்லூரியை 2018இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரித்து அனுப்பிவிட்டார்கள். நாங்களெல்லாம் வகுப்பு போர் அடித்தால் நடந்துபோய் கோர்ட் ஹாலில் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்வோம். உருப்படியாக ஏதாவது கற்றேன் என்றால் அங்கேதான். இன்றைய பிள்ளைக்கு அது பஸ்ஸும் ரயிலுமாக ஒரு நாள் வேலை. செமஸ்டர் லீவில் எழும்பூர் கோர்ட்டுக்கு நாலு நாள் அனுப்புங்கள். பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும். சினிமா வசனம் எதிர்பார்த்துப் போகிறவன் காதில் ‘வாய்தா’தான் அதிகம் விழும். வழக்குக் கட்டைப் பிரித்து, சரியான பக்கத்தை நொடியில் எடுத்து நீட்டுகிற ஜூனியரை அவன் கவனிக்கிறானா என்று மட்டும் வந்ததும் கேளுங்கள்.

‘ஒண்ணுமே புரியல’ என்று அடுத்த முறை சொன்னால் திட்டாதீர்கள், கைடும் தேடாதீர்கள். எந்த வரி புரியவில்லை என்று கேளுங்கள். வரியைக் காட்டினால் பிழைத்தான். ‘மொத்தமாவேப்பா’ என்றால் புத்தகத்தை இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம். அரியர் இரண்டையும் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம்.

கோட்டு இப்போது வேண்டாம். இன்னும் இரண்டரை வருடம் ஹாஸ்டல் சாப்பாடோ வீட்டுச் சாப்பாடோ, இடுப்பளவு ஒரே மாதிரி இருக்காது. மூட் கோர்ட்டுக்கு, அதாவது கல்லூரியில் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றத்துக்கு, சீனியரிடம் இரவல் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.